பூஷி அணையும் என் வீரக்கதையும்

"அப்பா, வர்ற சண்டே ஃப்ரெண்ட்ஸோட பூஷி டேம் போறேன். எட்டு பேர். காலைல போய்ட்டு சாயங்காலம் வந்துடுவோம்."

ஜூனியர் காலேஜ் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அனுமதி கேட்கும் வழக்கம் எல்லாம் போய்விட்டது. தகவல் சொல்கிறான், அவ்வளவுதான். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே "வேண்டாம்" என்றேன்.

"ஏன்? நாம போனோமே. ஒண்ணும் ஆகலையே! வீட்டுக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் நீங்கதானே அந்தக் கதையைச் சொல்வீங்க?"

தங்கமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். 'பதில் சொல்லுங்க, நானும் கேக்கறேன்' என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கதையை நான் இத்தனை வருடமாகப் பாதிதான் சொல்லி வந்திருக்கிறேன். மீதியை இங்கே எழுதிவிடுகிறேன். மும்பை, புனே பக்கம் இருக்கும் நம்மவர்கள் மழை ஆரம்பித்தால் குழந்தை குட்டிகளோடு கிளம்புகிற இடம் அது. யாருக்காவது உபயோகப்படலாம்.

* * *

இந்தப் பக்கம் புதிதாக மாற்றலாகி வந்தவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். மும்பையிலிருந்து ரயிலில் புனே போகும்போது, போர் காட் மலை ஏறி முடித்ததும் வருவது லோனாவாலா. ஊரை ஒட்டி, இந்திராயணி ஆற்றின் தலைப்பக்கத்தில் இருக்கிறது பூஷி அணை. மேட்டூர், பாபநாசம் அளவுக்குக் கற்பனை செய்துகொண்டு போனால் ஏமாந்து போவீர்கள். சின்ன அணை, அதற்குப் பின்னால் சின்ன ஏரி. மழையில் ஏரி நிரம்பினால் தண்ணீர் தானாக வழிந்து கல் படிகளில் இறங்கும். அந்தப் படிகளில் உட்கார்ந்து, முதுகில் தண்ணீர் மோத, காந்தா பஜ்ஜியோ சுட்ட சோளமோ தின்பதுதான் இங்கே மழைக்கால விசேஷம். ஞாயிற்றுக்கிழமைகளில் கால் வைக்க இடம் இருக்காது.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் இதையே 'குளம் மறுகால் பாயுது' என்பார்கள். மற்ற ஜில்லாக்காரர்கள் கலிங்கு என்பீர்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். கொள்ளாத தண்ணீர் கரையை உடைத்துவிடாமல் வெளியே போகும் வழி அது.

அணையின் ஜாதகம் சுவாரஸ்யமானது. போர் காட் மலைப்பாதையில் ரயில் ஓட ஆரம்பித்தது 1863-ல். நீராவி எஞ்சின்கள் மலை ஏறுவதற்கு ஏகப்பட்ட தண்ணீர் குடிக்கும். அதற்காகத்தான் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே 1860களில் இந்த அணையைக் கட்டியது. நீராவி எஞ்சின் போய்விட்டது, அணை நின்றுவிட்டது, நாம் போய் உட்கார்ந்துகொண்டோம். கட்டியவர்கள் எஞ்சினின் தாகத்தை நினைத்துக் கட்டினார்களே தவிர, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஆயிரக்கணக்கான பேர் அந்தப் படிகளில் உட்கார்வார்கள் என்று நினைத்துக் கட்டவில்லை. இதை யோசித்தாலே பாதிப் பாதுகாப்பு வந்துவிடும். எனக்கு அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

* * *

2016 ஜூலை. டோம்பிவிலியில் எங்கள் பில்டிங்கில் இருந்த மூன்று தமிழ்க் குடும்பங்கள், மொத்தம் பதினோரு பேர், கல்யாணில் இந்திராயணி எக்ஸ்பிரஸ் பிடித்தோம். எதிர் ஃப்ளாட் பாலக்காட்டு மாமா, மாமி, அவர்கள் பெண். மூன்றாவது மாடி கோவில்பட்டி அண்ணன் குடும்பம். நாங்கள். ஜூனியருக்கு அப்போது எட்டு வயது.

கர்ஜத்தில் வண்டி மலை ஏறுவதற்காகப் பின்னால் கூடுதல் எஞ்சின்கள் மாட்டுவார்கள். அதற்கு ரயில்வே பாஷையில் 'பேங்கர்' என்று பெயர். "பாத்தீங்களா, பேங்கர் பின்னாடி இருந்து தள்ளலைன்னா இந்த நாட்டுல எதுவும் மேல ஏறாது" என்று நான் ஜோக் அடித்தேன். அந்தப் பயணம் முழுக்க அந்த மாதிரி மிதப்பில்தான் இருந்தேன். :-)

பூஷிக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை இல்லை. லேசாக வெயில்கூட அடித்தது. படிகளில் தண்ணீர் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, கண்ணாடி மாதிரி ஓடியது. மாமிதான் தயங்கினார். "குழந்தைகள்லாம் இருக்கே, வேண்டாமே" என்றார். "ஒண்ணும் ஆகாது மாமி. தாமிரபரணித் தண்ணி குடிச்சு வளர்ந்தவன் நான். எனக்குத் தண்ணியைப் பத்தித் தெரியாதா?" என்றேன். சின்ன வயதில் மறுகாலில் குதித்து விளையாடியவன் என்ற திமிர்.

மறுகால் பாயும்போது மடைப்பக்கம் போனால் ஆச்சி விறகுக்கட்டையை எடுத்துக்கொண்டு வருவாள் என்பதை அந்த நேரத்தில் வசதியாக மறந்துவிட்டேன்.

நடுப்படியில் நான் உட்கார்ந்தேன். இடது கையில் ஜூனியரின் மணிக்கட்டு, வலது கையில் புது செல்போன். முதல் மாத ஈ.எம்.ஐ.கூட இன்னும் கட்டவில்லை. ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கரையில் சோளம் சுட்டு விற்றுக்கொண்டிருந்த ஒரு வயதான மாவ்ஷி எழுந்து நின்று கத்த ஆரம்பித்தார். "பாணி வாட்ல! வர் யா, வர் யா!" தண்ணீர் ஏறுது, மேலே வாங்க என்று அர்த்தம். எனக்கு மராத்தி புரியும். புரிந்தும் சிரித்தேன். வியாபாரத்துக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். வானத்தில் வெயில், என் கண் முன்னால் கணுக்கால் அளவு தண்ணீர். இதில் என்ன ஏறப்போகிறது?

மாவ்ஷி பார்த்தது தண்ணீரின் நிறத்தை. கண்ணாடியாக இருந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியிருந்தது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. சத்தமும் மாறியிருந்தது. அந்த இரைச்சலிலேயே உட்கார்ந்திருந்த எங்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். கணுக்காலில் இருந்த தண்ணீர் உட்கார்ந்திருந்த என் இடுப்புக்கு வந்தது. முதுகில் யாரோ தோளால் இடித்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. மாமாவின் பெண் எழுந்து நிற்கப் பார்த்தாள். பாசி வழுக்கி மூன்று படி கீழே சரிந்தாள். கோவில்பட்டி அண்ணனும், முன்பின் தெரியாத நாலைந்து மராத்திப் பையன்களும் கையோடு கை கோர்த்துச் சங்கிலி மாதிரி நின்று அவளை இழுத்தார்கள். முழங்கால் இரண்டிலும் தோல் உரிந்து ரத்தம். எல்லோரும் கரை ஏறித் திரும்பிப் பார்த்தபோது நாங்கள் உட்கார்ந்திருந்த படியே தெரியவில்லை. அந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் மட்டும் ஓடியது.

நான் சொல்லி வந்த கதை இதுதான். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள், பிராஞ்ச்சில் சக ஆபீசர்கள், யாரையும் விட்டதில்லை. "ஜஸ்ட்டு மிஸ்ஸு! பையனை அப்படியே ஒரே தூக்காத் தூக்கிட்டு ஓடி வந்தேன் பாருங்க" என்று முடிப்பேன்.

* * *

2024 ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை. அன்று பூஷியில் நடந்ததை நீங்கள் டிவியிலோ வாட்ஸப்பிலோ பார்த்திருப்பீர்கள். அணைக்குப் பின்னால், ஏரியில் வந்து விழும் அருவி ஒன்று இருக்கிறது. புனேயிலிருந்து வந்த ஒரு குடும்பம் அதன் நடுவில் இருந்த பாறையில் மாட்டிக்கொண்டது. பெரியவர்களும் குழந்தைகளும் ஒருவரையொருவர் இறுகக் கட்டிப்பிடித்தபடி நின்றார்கள். இரண்டு பக்கமும் ஓடிய தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. பிறகு அந்தப் பிடி விட்டுப்போனது. சிலர் தப்பிக் கரை சேர்ந்தார்கள். ஒரு பெண்ணும் நான்கு குழந்தைகளும் போய்விட்டார்கள். லோனாவாலாவின் சிவதுர்க் மித்ர தன்னார்வ மீட்புக் குழுவும் கடற்படையின் முக்குளிப்பவர்களும் தேடினார்கள்.

அந்த வீடியோவை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. அவர்கள் அசட்டையாகவோ குடித்துவிட்டோ போனவர்கள் இல்லை. கல்யாணம் காட்சி முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வெளியே வருகிற, என்னை மாதிரி, உங்களை மாதிரி ஒரு குடும்பம். போய் நின்ற நேரத்தில் அவர்களுக்கும் அந்தத் தண்ணீர் சாதுவாகத்தான் தெரிந்திருக்கும்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. என்னுடைய வீரக்கதை எதனால் ஆனது என்று யோசித்தேன். எங்களுக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? எங்களுக்கு ஒரு மாவ்ஷி இருந்தார். அவ்வளவுதான்.

பி.காம். படித்த எனக்கு பிசிக்ஸ் கொஞ்சம் தூரம். ஆனாலும் அதற்கப்புறம் தேடித் தேடிப் படித்தேன். புரிந்தவரை சொல்கிறேன்.

பெரிய அணைகளில் மதகைத் திறப்பதற்கு முன்னால் சைரன் ஊதுவார்கள், தண்டோரா போடுவார்கள். தானாக வழிகிற சின்ன அணையில் திறப்பதற்கும் ஆள் இல்லை, ஊதுவதற்கும் ஆள் இல்லை. ஏரி காலியாக இருக்கும்வரை வருகிற தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளும். தளும்பி நிற்கிற சின்ன ஏரியில் மேற்கொண்டு வைக்க இடமே கிடையாது. மேலே மலையில் கொட்டுவது சீக்கிரமே கீழே படிக்கு வந்துவிடும். லோனாவாலாவில் வருடத்துக்கு 4,000 மில்லிமீட்டரை ஒட்டி மழை. சென்னையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அதுவும் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். நமக்கு வெயில் அடிக்கும்போதே ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம் அடைமழை பெய்துகொண்டிருக்கும்.

அடுத்தது தண்ணீரின் பலம். ஒரு கன மீட்டர் தண்ணீர் 1,000 கிலோ. ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. கூட்டுவட்டி போட்டுப் பழகியவனுக்கு இது சட்டென்று புரிந்தது. வேகமாக ஓடினால் 15 சென்டிமீட்டர் தண்ணீரே பெரிய ஆளையும் காலை வாரிவிடும். பாசி பிடித்த கல்லில் கேட்கவே வேண்டாம். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பார்கள். எங்களுக்கு ஆழம் நன்றாகத் தெரிந்திருந்தது. வேகம்தான் தெரியவில்லை.

இதைவிட என்னை உறுத்தியது வேறு. "பத்து வருஷமா இவர் ஒழுங்கா வட்டி கட்டறார், கடன் குடுக்கலாம்" என்று ஒரு ஃபைல் என் டேபிளுக்கு வந்தால் நான் கையெழுத்துப் போடுவேனா? இந்த வருடம் வியாபாரம் எப்படி, சரக்கு எங்கே, ஜாமீன் என்ன என்று ஆயிரம் கேள்வி கேட்பேன். ஆபீசில் அவ்வளவு உஷாரான ஆசாமி, பெற்ற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் 'போன தடவை வந்தவங்களுக்கு ஒண்ணும் ஆகலை' என்கிற ஒரே ஜாமீனில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்றும் ஆகாமல் திரும்பி வருகிறவர்கள் எல்லோரும் அடுத்தவருக்கு இதே தப்பான சர்டிபிகேட்டைத்தான் கொடுக்கிறோம்.

* * *

விபத்துக்கு அப்புறம் புனே மாவட்ட நிர்வாகம் தடை உத்தரவு போட்டது. அணையைச் சுற்றியிருந்த கடைகளை இடித்து அகற்றியதாகவும் செய்தி வந்தது. வழியை அடைத்துக்கொண்டிருந்த கடைகள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்களைக் காப்பாற்றியது அந்த மாதிரி ஒரு கடைக்காரர்தான். தண்ணீரின் நிறம் மாறுவது தெரிந்த அந்த மாதிரி உள்ளூர்க்காரர்கள் கையில் ஒரு விசிலும் கயிறும் கொடுத்து, சீசனுக்கு நாலு மாதம் சம்பளமும் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. மேலே மலையில் ஒரு மழைமானி, நீர்மட்டம் ஏறினால் ஊதுகிற ஒரு சைரன், படியோரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு சங்கிலி. இதெல்லாம் கோடிக்கணக்கில் செலவாகும் சமாச்சாரம் இல்லை.

தடை மட்டும் போதாது என்பதற்கு அடுத்த வருடமே சாட்சி கிடைத்தது. 2025 ஜூன் 15, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. அதே இந்திராயணி ஆற்றில், தளேகாவ் பக்கம் குண்ட்மளாவில் பழைய இரும்புப் பாலம் ஒன்று கூட்டத்தோடு இடிந்து விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். அது பத்திரமானது இல்லை என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. மழையில் தண்ணீரைப் பார்க்க ஜனங்கள் போகத்தான் செய்வார்கள். ஒரு ரூம் கிச்சனில் வருடம் பூராவும் அடைந்து கிடக்கிறவர்களுக்கு வேறு என்ன இருக்கிறது? போகாதே என்பதைவிட எப்படிப் போக வேண்டும் என்று சொல்வதுதான் பலன் தரும்.

அதனால் எங்கள் வீட்டுச் சட்டம் இது. பூஷிக்கு மட்டுமல்ல, மறுகால் பாயும் எந்தச் சின்ன அணைக்கும் பொருந்தும்.

1. இறங்குவதற்கு முன்னால் தண்ணீரைப் பார்க்காதே, மலையைப் பார். மேலே கறுத்திருந்தால் கீழே இறங்காதே. அன்றைக்கு வானிலை இலாகா ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருந்தால் வீட்டை விட்டே கிளம்பாதே.

2. நிறம் கலங்கினால், சருகு வந்தால், சத்தம் மாறினால் உடனே கரை ஏறு. செருப்பு, பை, போன் எது போனாலும் போகட்டும்.

3. ஆற்று நடுப்பாறையில் ஏறாதே. தண்ணீர் ஏறினால் அது தீவு. கரையோடு ஒட்டிய இடம்தான் இடம்.

4. வழிகிற அணைக்கு நேர் கீழே குளிக்காதே. விழும் தண்ணீர் சுழன்று திரும்ப அணைப்பக்கமே இழுக்கும். நீச்சல் தெரிந்தவனையும் விடாது. ஏரிக்குள்ளும் அப்படித்தான், நாலடி வரை இருக்கும் ஆழம் அடுத்த எட்டில் ஆளை முழுங்கும், அடியில் சேறு.

5. மூழ்குகிறவர்கள் சினிமா மாதிரிக் கத்துவதில்லை. வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும்போது மூச்சுக்கே நேரம் போதாது. சத்தம் போடாத குழந்தையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

6. காப்பாற்றக் குதிக்காதே. கயிறு, துப்பட்டா, புடவை, மூடி போட்ட காலி கேன், எது கிடைத்தாலும் வீசு. 112-க்குக் கூப்பிடு. தூக்கிய ஆளைத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, மார்பை அழுத்த வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவழித்துக் கற்றுக்கொள்ளலாம்.

7. படகு என்றால் லைஃப் ஜாக்கெட். அழுக்காக இருக்கிறது, நாறுகிறது, போட்டோவில் நன்றாக இல்லை, எந்தச் சாக்கும் கிடையாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் போனதை நாம் மறக்கக் கூடாது.

நம் நாட்டில் தண்ணீரில் மூழ்கி வருடத்துக்கு 30,000 பேருக்கு மேல் சாகிறார்கள். ஒன்றும் ஆகாது என்று சொன்னவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

* * *

சனிக்கிழமை ராத்திரி ஜூனியரை உட்கார வைத்து இதையெல்லாம் சொன்னேன். கடைசியாக மிச்சக் கதையையும் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். வாய் வரவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னேன்.

"அன்னிக்குத் தண்ணி வந்தப்போ... நான் உன்னைத் தூக்கலைடா. போன் நனைஞ்சிடும்னு ரெண்டு கையாலயும் அதைத்தான் மேல தூக்கினேன். உன்னை விட்டுட்டேன்."

அவன் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்ப்பா. அந்த மாவ்ஷிதான் இறங்கி வந்து என் சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்தாங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா நீங்க ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி சொல்வீங்களா, அப்படித்தான் நடந்துச்சோ, நான்தான் தப்பா நினைச்சுக்கிட்டு இருக்கேனோன்னு விட்டுட்டேன்."

தங்கமணி துணி மடிப்பதை நிறுத்திவிட்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. கரையில் நின்று பார்த்தவள்தானே. இத்தனை வருடம் விருந்தாளிகள் முன்னால் என் கதையை ஒரு வார்த்தை மறுக்காமல் காபி கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

'வேண்டாம்' என்று மறுபடி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "போய்ட்டு வா. மலையைப் பாரு" என்று மட்டும் சொன்னேன். கயிறு ஒன்றைப் பையில் வைத்தேன். சிரித்தான், ஆனால் எடுத்து வெளியே போடவில்லை.

ஞாயிறு மதியம் பன்னிரண்டரைக்கு போன் வந்தது. எடுப்பதற்குள் என் கை நடுங்கியதை அவனிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

"அப்பா, மேல மலை ஃபுல்லா கறுப்பா இருக்கு. நாங்க இறங்கலை. ரெண்டு பேருக்குக் கோவம், இவ்வளவு தூரம் வந்துட்டு இப்படியான்னு. பரவால்ல. பஜ்ஜி சாப்ட்டுட்டு கிளம்பறோம்."

"மழை வந்துதா?"

"இங்க இல்லப்பா. வெயில் அடிக்குது."

அன்று அங்கே தண்ணீர் ஏறியதா இல்லையா என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. ஏறாமலே இருந்திருந்தாலும் அவன் செய்தது சரிதான். இனிமேல் வீட்டுக்கு வருகிறவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.